ஹூஸ்டனிலிருந்து லூசியானா, ஐந்து நாள், கூடவே அப்பா அம்மா: நியூ ஆர்லியன்ஸ் மட்டும் போதுமா?

கேள்வி, 6 ஜனவரி 2025

ஹூஸ்டனில் இருக்கிறோம். மார்ச் 10 முதல் 14 வரை பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பா எல்லாம் சாப்பிடுவார், அம்மா சுத்த சைவம். நேராக நியூ ஆர்லியன்ஸ் போய் ஐந்து நாளும் அங்கேயே தங்கலாம் என்று இருக்கிறேன். அதைத் தவிர லூசியானாவில் பார்க்க ஒன்றும் இல்லை என்கிறார்கள். புத்தாண்டு அன்று போர்பன் தெருவில் நடந்ததற்குப் பிறகு வீட்டில் பயமும் இருக்கிறது. அங்கே குடியிருக்கும் அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

7 ஜனவரி, காலை

ஒன்றும் இல்லை என்று சொன்னவர், ஐ-10 நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்பதில் பறந்தவராக இருக்கும். நான் பேட்டன் ரூஜ்காரன், ரொம்ப வருஷமாக இங்கேதான். நியூ ஆர்லியன்ஸுக்கு இரண்டு ராத்திரி போதும் தம்பி. மீதி நாளை வழியில் செலவழியுங்கள். ஹூஸ்டனிலிருந்து அங்கே 350 மைல். பாதி தாண்டியதும் வருகிற லஃபயட்டில் இரண்டு ராத்திரி தங்கினால் பெரியவர்களுக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடிக்காது.

மத்ததை வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

7 ஜனவரி, இரவு

அப்பாவுக்கு ஊரில் வயல் உண்டா? இருந்தால் முதல் நாளே அவருக்குப் பிடித்துப்போகும்.

லேக் சார்ல்ஸைத் தாண்டி கிரௌலி வரும்போது நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பழைய சாலையில் ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் வரப்பு கட்டின தண்ணீர் வயல், தஞ்சாவூர்க்காரன் கண்ணுக்கு அப்படியே நம்ம ஊர். மார்ச்சில் அதில் நெல் இருக்காது. தண்ணீருக்கு மேலே வரிசை வரிசையாகக் குழாய் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கிராஃபிஷ் என்கிற நன்னீர்ச் சிங்கி இறாலைப் பிடிக்கும் கம்பிவலைக் கூண்டின் வாய். வசந்தத்தில் நெல் விதைத்து, ஆகஸ்ட் வாக்கில் அறுத்து, அக்டோபரில் மறுபடி தண்ணீர் பாய்ச்சுவார்கள். கோடை முழுக்க மண்ணுக்குள் வளை தோண்டிக்கொண்டு கிடந்த கிராஃபிஷ் குஞ்சுகளோடு வெளியே வரும். அறுத்த தாளும் அதில் ஊறி வளரும் பூச்சி புழுவும்தான் அதற்குத் தீனி. ஜனவரியிலிருந்து மே வரை பிடிப்பு. பின்னால் இரும்புச் சக்கரம் வைத்த தட்டைப் படகு ஒன்று சேற்றை உதைத்துக்கொண்டே கூண்டுக்குக் கூண்டு போகும். ஓட்டுகிறவர் நிறுத்தவே மாட்டார். ஒரு கையால் கூண்டைத் தூக்கிக் கொட்டி, இரை போட்ட அடுத்த கூண்டை அதே இடத்தில் குத்திவிட்டு நகர்ந்துகொண்டே இருப்பார். பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ஒரே வயலில் இரண்டு மகசூல். உங்கள் அப்பா கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார், பாருங்கள்.

8 ஜனவரி

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். ஜனவரி 1 அதிகாலையில் ஒருவன் கூட்டத்துக்குள் வண்டியை விட்டு 14 பேரைக் கொன்றான். இங்கே எல்லோருக்கும் அந்தக் கலக்கம் இன்னும் போகவில்லை. அதற்காக ஊரை ஒதுக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுதான்: போர்பன் தெருவைப் பகலில் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ராத்திரி அங்கே பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேலையும் இல்லை. சாராய வாடையும் வாந்தியும்தான். பாட்டு கேட்க வேண்டுமென்றால் பிரெஞ்ச்மென் தெரு இருக்கிறது. பிள்ளைகளோடு என்றால் பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் அரங்கு. 1961இலிருந்து நடக்கிறது, சின்ன இடம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள்.

10 ஜனவரி

கீழே ஒருவர், நியூ ஆர்லியன்ஸின் பழைய பகுதியான பிரெஞ்ச் குவார்ட்டர் பாண்டிச்சேரி போலவே இருக்கும் என்று எழுதியிருக்கிறார். பெயரில்தான் பிரெஞ்சு. 1788இலும் 1794இலும் தீப்பிடித்துப் பழைய ஊர் பெரும்பாலும் எரிந்துபோனது. அப்போது ஆண்டுகொண்டிருந்தவர்கள் ஸ்பானியர்கள். முற்றம், வளைவு வாசல், கெட்டிச் சுவர் எல்லாம் அவர்கள் காலத்துப் பாணி. பூவேலைப்பாடு உள்ள வார்ப்பிரும்பு பால்கனிகள் அதற்கும் பிறகு வந்தவை. பிரெஞ்சுக் காலத்துக் கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் உர்சுலின் கன்னியர் மடம் இருக்கிறது, 1750களில் கட்டியது.

ஆனால் பாண்டிச்சேரியோடு வேறு ஒரு உறவு உண்டு. நியூ ஆர்லியன்ஸை 1718இல் நிறுவிய கம்பெனி, அடுத்த வருஷமே பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியோடு சேர்ந்து ஒன்றாகிவிட்டது. ஆகக் கொஞ்ச காலம் பாண்டிச்சேரிக்கும் இந்த மிசிசிப்பிக் கரைச் சேற்றுக்கும் பாரிஸில் ஒரே கம்பெனிதான் கணக்குப் பார்த்தது. இங்கே லாபம் இல்லை என்று 1731இல் லூசியானாவை மன்னரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

13 ஜனவரி

அம்மாவின் சாப்பாடு. இதுதான் பெரிய விஷயம், நீளமாகச் சொல்ல வேண்டும்.

தென் லூசியானாவில் சைவம் என்றால் பரிமாறுபவர் அன்பாகத் தலையாட்டிவிட்டு இறால் போட்டதைக் கொண்டு வந்து வைப்பார். கெட்ட எண்ணம் இல்லை, அவர் கணக்கில் இறால் கறி இல்லை. சிவப்புக் காராமணி மாதிரி ஒன்றைச் சோற்றோடு தருவார்கள், திங்கட்கிழமை ஊர் முழுக்க அதுதான் சமையல். பார்த்தால் நம்ம வீட்டுக் குழம்பு போலத்தான் இருக்கும், உள்ளே பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். கீரை கேட்டால் அதில் பன்றித் தொடை எலும்பு. வெண்டைக்காய் போட்ட கம்போ என்ற குழம்பில் கோழி, இறால், நண்டு என்று எது வேண்டுமானாலும் இருக்கும். டர்ட்டி ரைஸில் ஈரல். கறியும் தொத்திறைச்சியும் போட்ட சாதமான ஜம்பலாயாவைச் சொல்லவே வேண்டாம். அதனால் பொதுவாகச் சைவமா என்று கேட்காதீர்கள். கறி இல்லையா, தொத்திறைச்சி இல்லையா, இறால் இல்லையா, வேகவைத்த தண்ணீர் கறித் தண்ணீரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் அம்மா என்ன சாப்பிடுவார்? பேட்டன் ரூஜில் லெபனான் உணவகங்கள் தடுக்கி விழுந்தால் ஒன்று. கொண்டைக்கடலை விழுது, கத்தரிக்காய் சுட்டு மசித்தது, பருப்பும் வெங்காயமும் போட்ட சாதம், எல்லாம் அம்மா வாயில் இறங்கும். நியூ ஆர்லியன்ஸில் எஸ்பிளனேடு அவென்யூவில் இஸ்கான் கோயில் இருக்கிறது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் 1975க்குப் பிறகு வந்து குடியேறிய வியட்நாமியர்கள் இருக்கிறார்கள். அங்கே டாங் ஃபுவாங் என்று ஒரு அடுமனை. டோஃபு வைத்த ரொட்டி கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

இருந்தாலும் சின்ன ரைஸ் குக்கரும் ஒரு பொட்டலம் புளிக்காய்ச்சலும் டிக்கியில் இருக்கட்டும்.

13 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லையே. லஃபயட்டுக்குச் சற்று முன்னால் ஸ்காட் என்று ஒரு ஊர். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி பூடான் (boudin) என்ற தொத்திறைச்சி வாங்கிக் கொடுங்கள். சோறும் பன்றி இறைச்சியும் ஈரலும் வெங்காயத்தாளும் கலந்து குடலில் அடைத்து ஆவியில் வேகவைத்தது. கத்தி முள்கரண்டி எதுவும் வேண்டாம். ஒரு முனையைப் பல்லால் கிழித்து, தோலைப் பிடித்து உள்ளே இருப்பதை வாய்க்குள் பிதுக்குவார்கள். வண்டியின் மூடி மேல் காகிதத்தை விரித்துவைத்து, நின்றுகொண்டே சாப்பிடுவது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. பெட்ரோல் பங்க் சாப்பாடு என்று முகம் சுளிக்க வேண்டாம். நல்ல ஓட்டல்களைவிட இது தேவலை என்பது என் கட்சி.

16 ஜனவரி

காபியைப் பற்றி இன்னொருவர் கேட்டார். நியூ ஆர்லியன்ஸில் கஃபே டு மாண்ட், 1862இலிருந்து இருக்கிறது. சிக்கரி கலந்த டிகாக்ஷனில் பாதிக்குப் பாதி சூடான பால். அமெரிக்க உள்நாட்டுப் போரில் துறைமுகத்தை முற்றுகையிட்டபோது காபிக்கொட்டை வராமல் சிக்கரியைக் கலந்து ஒப்பேற்றினார்கள். போர் முடிந்தும் நாக்கு விடவில்லை. சிக்கரி என்றாலே மூக்கைச் சுருக்கும் கும்பகோணத்து ஆட்கள் இங்கே வந்தால் வாயை மூடிக்கொண்டு இரண்டாவது கோப்பை வாங்குகிறார்கள். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும், சர்க்கரை மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூடவே வரும் பெனியே என்ற பொரித்த பலகாரத்தின் மேல் மாவுச் சர்க்கரையை மலையாகக் கொட்டியிருப்பார்கள். கடிக்கும்போது மூச்சை உள்ளே இழுத்தால் இருமல், வெளியே விட்டால் எதிரே இருப்பவர் சட்டை வெள்ளை. கறுப்புச் சட்டை போடாதீர்கள்.

22 ஜனவரி

நேற்று இங்கே பனி! மழை இல்லை, நிஜமான பனி. நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் எட்டு அங்குலம். இந்தக் கடற்கரைக்குப் பனிப்புயல் எச்சரிக்கை விட்டதே இதுதான் முதல் தடவையாம். ஐ-10ஐ மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் யாரிடமும் பனி தள்ளும் மண்வெட்டி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் கிராஃபிஷ் கிளறும் துடுப்பால் படியைச் சுத்தம் செய்தார். பிள்ளைகள் ஐஸ் பெட்டி மூடியில் உட்கார்ந்து கரைச் சரிவில் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பயணத்துக்கு ஒரு பயனும் இல்லாத செய்தி, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மார்ச்சில் இப்படி இருக்காது. பகலில் லேசான வெயில், திடீரென்று இடி மழை. மழையில் வைப்பர் போட்டால் முன் விளக்கும் போட்டிருக்க வேண்டும், இங்கே அது சட்டம்.

27 ஜனவரி

அம்மாவுக்கு முட்டி வலி, படகு ஏற முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் சதுப்பு நிலப் படகுச் சவாரியை விட்டுவிடுங்கள். ப்ரோ பிரிட்ஜ் பக்கத்தில் லேக் மார்ட்டின் போங்கள். ஏரிக்கரையை ஒட்டியே சாலை, வண்டியிலிருந்தே பார்க்கலாம். சைப்ரஸ் மரம் தண்ணீருக்குள் நிற்கும், கிளையெல்லாம் சாம்பல் நிறப் பாசி தொங்கும். மார்ச்சில் கொக்கும் நாரையும் கூடு கட்டும் நேரம். கரண்டி வாயனில் ரோஜா நிறத்தில் ஒரு ஜாதி இருக்கிறது, வேடந்தாங்கல் பார்த்தவர்களும் அசந்துவிடுவார்கள். முதலை வெயில் காய வெளியே வந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வேண்டாம்.

ஏவரி ஐலண்டும் அம்மாவுக்கு ஆகும். டபாஸ்கோ மிளகாய்ச் சாறு 1868இலிருந்து அங்கேதான் செய்கிறார்கள். தீவு என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் பூமிக்கு அடியிலிருந்து மேலே தள்ளிவந்த பெரிய உப்பு மலை. மிளகாயை அரைத்து ஓக் மரப் பீப்பாயில் மூன்று வருஷம் வரை ஊறவைத்து, மூடி மேல் உப்பைக் கொட்டி அடைத்துவிடுவார்கள். ஊறுகாய் போட்டுப் பழகின கை அதைப் பார்த்தால் ஒரு கருத்து சொல்லாமல் விடாது. பக்கத்துத் தோட்டத்தைக் காரிலேயே சுற்றலாம். சீனாவிலிருந்து வந்த பழைய புத்தர் சிலை ஒன்று குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறது. இறகு வியாபாரத்துக்காகச் சுட்டுச் சுட்டு அழியப் போன வெள்ளைக் கொக்கை 1895 வாக்கில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் குஞ்சாகப் பிடித்து வளர்த்துப் பெருக்கிய இடமும் அதுதான்.

1 பிப்ரவரி

பாவர்ட்டி பாயிண்ட்டைச் சேர்க்கலாமா என்று ஒருவர். 3,400 வருஷத்துக்கு முன்னால் விவசாயமே செய்யாத மக்கள் கூடை கூடையாக மண் சுமந்து கட்டிய மேடுகள், 2014இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சுற்றுவட்டாரத்தில் கல்லே கிடையாது, கல்லெல்லாம் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வந்தது. ஆனால் அது மாநிலத்தின் வடகிழக்கு மூலை. இந்தப் பயணத்தில் திணித்தால் எல்லோருக்கும் களைப்புதான் மிஞ்சும். தனியாக ஒரு தடவை போங்கள்.

8 பிப்ரவரி

லஃபயட்டிலிருந்து பேட்டன் ரூஜ் வரும் வழி. அச்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளப் பாலம். இடையில் இறங்க இரண்டே வழிதான். கழிப்பறை போக வேண்டியவர்கள் ஏறுவதற்கு முன்பே போய்விட வேண்டும். இல்லையென்றால் பூட் லா ரோஸில் இறங்கினால் சுற்றுலா நிலையம் ஒன்று இருக்கிறது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பாலத்தில் வேக வரம்பு 60, போலீஸ் கண் கொத்திப் பாம்பாக நிற்கும். மிசிசிப்பிப் பாலம் இறங்கியதும் சாலை குறுகி மாலை முழுக்க நெரிசல். மூன்று மணிக்கு முன்னால் ஆற்றைத் தாண்டிவிடுங்கள்.

பேட்டன் ரூஜில் எங்கள் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை மட்டும் பாருங்கள், வேறு எதுவும் கட்டாயம் இல்லை. 34 மாடி, 450 அடி, அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களிலேயே இதுதான் உயரம். இங்கே ஆளுநராக இருந்த ஹியூ லாங் கட்டியது, 1932இல் முடிந்தது, அவர் 1935இல் அதே கட்டடத்தின் நடைபாதையில் சுடப்பட்டார், இப்போது எதிரே உள்ள தோட்டத்தில் புதைந்திருக்கிறார், மேலே அவருடைய சிலை அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இலவசப் பாடப்புத்தகம், சாலை, பாலம் என்று ஏழைகளுக்கு நிறையச் செய்தவர், எதிர்த்தவர்களை நசுக்கியவரும் அவர்தான். அப்பாவிடம் சொல்லுங்கள், நம்ம ஊர் அரசியல் பார்த்தவருக்கு விளக்கமே தேவைப்படாது. 27ஆம் மாடியில் பார்வை மேடை, கட்டணம் இல்லை. திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

15 பிப்ரவரி

அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்களின் பழைய மாளிகைகள். ஓக் ஆலியில் மரவரிசை அழகு, கல்யாணப் படம் எடுப்பார்கள். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் விட்னிக்குப் போங்கள். 2014இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அங்கே எஜமானர் வீடு கடைசியில்தான் வரும். கரும்புக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். சிலருக்குப் பெயர் மட்டும், ஊர் இல்லை. 1811இல் இந்த ஆற்றங்கரையில் எழுந்த கிளர்ச்சிக்கும் நினைவிடம் உண்டு. தலைகளை வெட்டிக் கம்பத்தில் குத்திவைத்து அதை அடக்கினார்கள், நினைவிடமும் அதை மறைக்காமல் காட்டுகிறது. சின்னப் பிள்ளைகளை அந்த மூலைக்கு அழைத்துப் போவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சிலோனுக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போன சனத்தின் கதை கேட்டு வளர்ந்த என் மாமியார், வெளியே வந்து காரில் ஏறிய பிறகும் பேசவில்லை.

போகிற வழியெல்லாம் கரும்புக்கு நடுவே புகைபோக்கி தெரியும். பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே 85 மைலில் நூற்றுக்கும் மேற்பட்ட ரசாயன ஆலைகள். பல ஆலைகள் பழைய தோட்டங்களின் நிலத்திலேயே நிற்கின்றன. பக்கத்து ஊர்களில் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வம்சம் குடியிருக்கிறது. புற்றுநோய்ச் சந்து என்றுதான் அந்த வட்டாரத்துக்குப் பெயரே. நான் சோறு தின்பது அப்படி ஒரு ஆலைச் சம்பளத்தில்தான், அதனால் இதற்கு மேல் நியாயம் பேச எனக்கு வாய் இல்லை. ஆனால் இதையும் கண் திறந்து பார்த்துக்கொண்டு போங்கள்.

20 பிப்ரவரி

தவக்காலத்துக்கு முந்தின நாள் மார்டி கிரா திருவிழாவுக்கே போகலாமே என்று கேட்டவருக்கு: இந்த வருஷம் மார்ச் 4. இவர்களுக்கு விடுமுறை அதற்கு அடுத்த வாரம், ஒத்து வராது. வருகிறவர்கள் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவின் மேல்பகுதியில் நில்லுங்கள், அங்கே குடும்பங்கள்தான். ஏணி மேல் பெட்டி அடித்துப் பிள்ளைகளை உட்காரவைத்திருப்பார்கள். பெரிய ஊர்வலங்கள் பிரெஞ்ச் குவார்ட்டருக்குள் போவதே இல்லை. ஜூலு என்ற சங்கத்தின் ஊர்வலத்தில் வண்ணம் தீட்டிய தேங்காய் தருவார்கள். முன்பெல்லாம் வீசினார்கள். மண்டை உடைந்து வழக்கு வந்து காப்பீடு கிடைக்காமல் போய், கடைசியில் 1988இல் தேங்காய்க்கென்றே மாநிலச் சட்டம் போட்டார்கள்: வீசக் கூடாது, கையில் கொடுக்கலாம். கோயில் தேங்காய்க்கு வரிசையில் நின்று பழகிய நமக்கு இதெல்லாம் சாதாரணம்.

தம்பி, நீங்கள் மார்ச் 16ஆம் தேதி ஞாயிறு வரை இருக்க முடியுமானால் சொல்லுங்கள். புனித சூசையப்பர் நாளையொட்டிக் கறுப்பின மக்கள் இறகும் பாசிமணியும் கோத்த உடையில் தெருவில் இறங்குவார்கள். ஒரு உடைக்கு ஒரு வருஷம் தைப்பார்கள். ஓடிவந்த அடிமைகளுக்கு இடம் கொடுத்த பூர்வகுடிகளுக்குச் செய்யும் மரியாதை அது. நாள் மழையால் தள்ளிப்போவதும் உண்டு.

2 மார்ச்

நியூ ஆர்லியன்ஸுக்குள் காரை எடுக்காதீர்கள். செயின்ட் சார்ல்ஸ் டிராம் 1835இலிருந்து ஓடுகிறது, ஒரு டிக்கெட் ஒன்றேகால் டாலர், நாள் முழுக்க மூன்று டாலர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைசி வரை போய்த் திரும்பினால் அம்மாவுக்கு முட்டியே நினைவுக்கு வராது. ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் அல்ஜியர்ஸுக்குப் படகு இரண்டு டாலர், அதற்கு ஏறச் சரிவுப் பாதைதான். ஆறு வளைந்து வளைந்து போவதால் இங்கே கிழக்கு மேற்கு பேச மாட்டார்கள், ஏரிப் பக்கம், ஆற்றுப் பக்கம் என்பார்கள். மேற்குக் கரை என்று சொல்லும் இடத்திலிருந்துதான் சூரியன் உதிக்கும். அப்பா தர்க்கம் செய்வார், விட்டுவிடுங்கள்.

தெருவில் ஒருவன் வந்து, உங்க ஷூ எங்கே கிடைச்சதுன்னு நான் சொல்லிட்டா 20 டாலர் தரணும் என்பான். ஆங்கிலத்தில் got என்றால் வாங்கியது, வைத்திருப்பது இரண்டும்தான், அதனால் பதில்: உங்கள் காலில், இந்தத் தெருவில். பந்தயம் கட்டாமல் சிரித்துக்கொண்டே நடந்துவிடுங்கள்.

8 மார்ச்

நாளை மறுநாள் கிளம்புகிறீர்கள், அதனால் சுருக்கமாக. கிராஃபிஷ் விலை போன வருஷத்தை விடப் பரவாயில்லை. 2023 வறட்சியில் வளைக்குள்ளேயே செத்துப்போய், போன வருஷம் ஆரம்பத்தில் கையைச் சுட்டது. தவக்காலம் தொடங்கிவிட்டதால் வெள்ளிக்கிழமை கறி தின்னாத கத்தோலிக்கர்கள் கிராஃபிஷுக்கு வருவார்கள், கூட்டம் அதிகம், வியாழனே சாப்பிட்டுவிடுங்கள். தலையைத் திருகி வாலைப் பிய்த்து, முதல் வளையத்தை மட்டும் உரித்தால் சதை தானாக வழுக்கி வரும். தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். சோப்புக்குக் கூட அந்த மிளகாய்க் காரம் போகாது.

ஓட்டலில் வண்டி நிறுத்தக் கட்டணம் அதிகமாக இருக்கும், கொடுத்துவிடுங்கள். தெருவில் நிறுத்தினால் பின் சீட்டில் ஒரு துணிப்பை கூடத் தெரியக் கூடாது, கண்ணாடியை உடைத்துவிடுவார்கள். ரைஸ் குக்கரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.